தாழ்மையின் சரீரம்

கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ ஊருக்குத் திரும்பிய மறுநாளே கல்வெட்டுபவர் வந்து, அம்மாவின் கல்லறைக் கல்லில் எந்த வசனத்தைப் பொறிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். பிலிப்பியர் 3ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தை அம்மா தன் வேதாகமத்தில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்தாள் என்று நீ சொன்னாய். அதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைச் சொல்வதற்கு முன்பாக, அடக்க ஆராதனை முடிந்த இரவு அடுக்களை வாசலில் நின்று நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். "பிரசங்கத்தில் இது வெறும் கூடுதான், பறவை பறந்துவிட்டது என்றார்களே அப்பா, அப்படியானால் இந்த ஐந்து மாதமும் நாம் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டது எதை?" என்றாய். நான் அப்போது வாய் திறக்கவில்லை. பிரசங்கம் செய்தவரை நொந்துகொள்ள எனக்கு உரிமையில்லை, ஏனென்றால் அந்தக் கூட்டையும் பறவையையும் எத்தனையோ வீடுகளில் நானே சொல்லியிருக்கிறேன். இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கம் கற்பித்தே வயதானவன் நான், புதிய ஏற்பாட்டில் சரீரத்துக்கு இருக்கிற சொல் என்ன சொல்கிறது என்று அறிந்திருந்தும் சொன்னேன்.

அந்தச் சொல் சோமா. ரிக் வேதத்தில் வரும் சோமபானத்துக்கும் இதற்கும் உறவுண்டா என்று முதலாம் ஆண்டு மாணவர்களில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். எந்த உறவும் இல்லை. கிரேக்க இலக்கியத்தில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய பாடல்களான ஹோமரின் காவியங்களில் இந்தச் சொல் உயிரோடிருக்கும் மனிதனின் உடலைக் குறிப்பதில்லை, பிணத்தையே குறிக்கிறது என்று பழங்காலத்து உரையாசிரியர்களே கவனித்திருக்கிறார்கள். தான் போரில் விழுந்தால் தன் சோமாவை வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ட்ராய் நகரத்து வீரன் ஹெக்டர் கேட்கிறான். பிந்திய காலத்தில்தான் அந்தச் சொல் உயிருள்ள உடலையும் முழு ஆளையும் குறிக்கும்படி வளர்ந்தது. நம் வழக்கில் ஒரு சொல் இதற்கு எதிர்த்திசையில் நடந்திருப்பதை நீயும் நானும் மருத்துவமனையில் கேட்டோம். அதிகாலை நான்கு மணி வரைக்கும் "அம்மாவுக்கு மருந்து கொடுத்தாச்சா" என்று கேட்டவர்கள், ஐந்து மணிக்கு "பாடியை யார் வாங்குறீங்க" என்று கேட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அது அங்கே பழகிப்போன பேச்சு. ஆனாலும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாற்கு சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் இதே இடத்தில் இரண்டு சொற்கள் நிற்கின்றன. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு ரோம ஆளுநரான பிலாத்துவிடம் துணிந்து போய் இயேசுவின் சோமாவைக் கேட்கிறான். பிலாத்து, நூற்றுக்கு அதிபதியிடம் மரணத்தை உறுதிசெய்துகொண்ட பிறகு, ப்டோமாவைக் கொடுக்கிறான். ப்டோமா என்றால் விழுந்து கிடப்பது, பிணம். கேட்டவனுக்குச் சரீரம், கொடுத்தவனுக்குச் சவம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. நம்முடைய பழைய திருப்புதல், அதாவது சபையில் நாம் வாசிக்கிற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, பின்னாளில் அச்சான கிரேக்க மூலத்தைத் தழுவியதால் இரண்டு இடத்திலும் சரீரம் என்றே வாசிக்கிறோம், அதனால் யோசேப்பு எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டான் என்பது நம் காதில் விழுவதில்லை. அந்த விடியற்காலையில் நீ உள்ளே போய் "எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொன்னபோது, எனக்கு அந்த யோசேப்புதான் நினைவுக்கு வந்தான்.

ஆட்களைத் தலைகளாக எண்ணுகிற வழக்கமும் இந்தச் சொல்லுக்கு உண்டு. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் அடிமைகளைச் சோமாக்கள் என்றே கணக்கெழுதியிருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வியாபாரிகள் விற்கிற சரக்குகளின் பட்டியல் பொன், வெள்ளி என்று தொடங்கி, குதிரைகள், இரதங்கள் வரைக்கும் வந்து, கடைசியில் "அடிமைகள்" என்று முடிகிறதே, அங்கே கிரேக்கத்தில் இருப்பது உடல்கள் என்ற சொல்தான். உடனே அதன் பக்கத்தில் "மனுஷருடைய ஆத்துமாக்கள்" என்று சேர்த்திருக்கிறது. நீங்கள் உடல் என்று விற்றது இன்னது என்று அந்த இரண்டாம் சொல் முதற்சொல்லைக் கடிந்துகொள்வதாக நான் வாசிப்பது வழக்கம்.

கூடு என்ற எண்ணத்துக்கும் கிரேக்கரிடத்தில் ஒரு பழைய வேர் உண்டு. சோமா என்பது சேமா, அதாவது உடல் என்பது கல்லறை, என்று சொல்லொலியை வைத்து அவர்களில் சிலர் பேசிக்கொண்டார்கள். பிளாட்டோ அதை எடுத்துக் காட்டுகிறார். சரீரம் என்ற வடசொல்லுக்கும் சிதைந்து அழிவது என்று பொருள் சொல்லுவது மரபு. ஆகவே ஒரு தமிழன் சரீரம் என்று கேட்கும்போதே, அது அழியப்போகிறது, அதைப் பற்றி என்ன பேச்சு என்கிற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. தம்முடைய நிருபங்களில் அப்போஸ்தலனாகிய பவுல் அப்படி எழுதவில்லை.

அவர் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எழுதுகிறார்: சோமா ஒன்று, சார்க்ஸ் இன்னொன்று. பழைய திருப்புதல் முதலாவதைச் சரீரம் என்றும் இரண்டாவதை மாம்சம் என்றும் பெரும்பாலும் பிரித்தே தந்திருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம், ஆனால் பிரசங்கபீடத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். மாம்சத்தின் கிரியைகளைக் கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் எடுத்து வாசித்துப் பார். வேசித்தனமும் வெறியும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் பகை, வைராக்கியம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை என்று நடுவில் நீண்டுபோகிற வரிசையில் உடம்பின் ஆசையால் வருகிறது எது? ஒரு சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழாமலே இவ்வளவையும் செய்துவிடலாம். மாம்சம் என்பது தேவனைச் சாராமல் தன்னையே சார்ந்து நிற்கிற மனித நிலைக்கு அவர் வைத்த பெயர். சரீரமோ அந்த நிலைக்கும் அடிமைப்படலாம், ஆவியானவருக்கும் ஆலயமாகலாம். ரோமர் 7ஆம் அதிகாரத்தில் "இந்த மரண சரீரத்தினின்று" தன்னை யார் விடுதலையாக்குவார் என்று கதறுகிற அதே மனிதர், அடுத்த அதிகாரத்தில் சரீரத்தினின்று மீட்பு என்று சொல்லாமல் "சரீர மீட்பு" என்று எழுதுகிறார். மீட்கப்படுவது சரீரமே.

இந்தச் சொல்லை அவர் மற்றெந்த நிருபத்தையும்விட அதிகமாகக் கையாள்வது கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில். நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. அதற்குக் காரணம் இருந்தது. கொரிந்து கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய ரோமப் பட்டணம், இரு கடல்களுக்கு நடுவே வியாபாரத்தால் கொழுத்த ஊர். அங்கே சிலர், வயிறு போஜனத்துக்கு, போஜனம் வயிற்றுக்கு, இரண்டும் அழியப்போகிறவை, ஆகவே உடம்பைக் கொண்டு என்ன செய்தாலும் ஆவிக்கு ஒட்டாது என்று வாதித்தார்கள். கூடுதானே என்பதன் மறுபக்கம் இதுதான் என்பதைக் கவனி. உடம்பை இகழ்கிறவனும் உடம்பைக் கட்டவிழ்த்து விடுகிறவனும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அதற்குப் பவுல் கொடுக்கிற பதில் 6ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தில் இருக்கிறது: சரீரம் கர்த்தருக்கே உரியது, "கர்த்தரும் சரீரத்திற்குரியவர்." முதல் பாதியை எந்தப் பிரசங்கியாரும் சொல்லிவிடுவார். இரண்டாம் பாதியை நின்று வாசித்தவர்கள் சிலரே. கர்த்தர் ஆத்துமாவுக்குரியவர் என்று அவர் அங்கே எழுதவில்லை.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன், மனிதன் ஒரு சோமாவை உடையவன் அல்ல, மனிதனே சோமா என்று விளக்கினார். சோமா என்றால் முழு ஆள், தன்னைத்தானே நோக்கக்கூடிய "நான்" என்பது அவர் கருத்து. அழகான விளக்கம், நானும் அதைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 1976இல் ராபர்ட் கண்ட்ரி என்பவர், இப்படி விளக்கிக்கொண்டே போனால் எலும்பும் தோலுமான உடம்பு கையிலிருந்து நழுவிவிடுகிறது, பவுல் அந்தச் சொல்லால் தொட்டுணரக்கூடிய உடம்பையே சொல்கிறார் என்று மறுத்தார். அதை நான் பிடிவாதமுள்ள ஒருவரின் வாதம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மாவின் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்று, அந்த இடக்கை ஒன்றால் மட்டுமே அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் கண்ட்ரி சொன்னது எனக்கு விளங்கியது. வேண்டும் என்பதற்கு ஒரு அழுத்தம், வேண்டாம் என்பதற்கு விரலை விலக்குதல். அந்தக் கையை விட்டுவிட்டு அவளை நான் வேறெங்கே போய்த் தேடியிருக்க முடியும்?

அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் சபையைச் சரீரம் என்று பவுல் சொல்வதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒப்புமை அவருடைய கண்டுபிடிப்பு அன்று. கி.மு. 494இல் ரோமின் ஏழைக் குடிகள் நகரத்தை விட்டு வெளியேறியபோது, மெனேனியஸ் அகரிப்பா என்பவர், வயிற்றோடு சண்டை போட்ட கைகால்கள் தாங்களே மெலிந்துபோன கதையைச் சொல்லி அவர்களைத் திருப்பி அழைத்து வந்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். உண்டு கொழுக்கிற வயிற்றுக்கு அடங்கி வேலை செய்யுங்கள் என்பது அந்தக் கதையின் உட்பொருள். பவுல் அதே கதையை எடுத்துத் தலைகீழாகத் திருப்புகிறார்: பலவீனமுள்ளவைகளாய்க் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்கிறார். கொரிந்துவில் நோய் தீர்க்கும் கிரேக்கத் தெய்வமான அஸ்க்லேபியஸின் கோயில் இருந்த இடத்தைத் தோண்டியபோது, குணமானவர்கள் காணிக்கையாக வைத்த சுடுமண் கைகளும் கால்களும் காதுகளும் ஏராளமாகக் கிடைத்தன. வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்து வைக்கிறார்களே, அதைப் போன்றவை. தனித்தனியாகக் கிடந்த அந்த உறுப்புகளைப் பார்த்துத்தான் அவர் இப்படி எழுதினாரோ என்று நினைக்கிறவர்கள் உண்டு. இருக்கலாம்.

அந்த நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தைப் பற்றி நீயே கேட்டாய். "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்" என்றால், எழுந்திருப்பது ஆவியால் ஆன, புகை போன்ற ஏதோ ஒன்றா என்பது உன் ஐயம். மூலத்தில் ஜென்மசரீரம் என்பதற்கு இருக்கிற அடைமொழி ப்சூகே, அதாவது ஆத்துமா என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அடைமொழி எதனால் ஆனது என்பதைச் சொல்வதானால், இப்போது நமக்கிருக்கிற இந்தச் சதையுடம்பு ஆத்துமாவால் ஆனது என்று ஆகிவிடும், அது பொருந்தாது. எது அதை உயிர்ப்பித்து நடத்துகிறது என்பதே அங்கே பேச்சு. இரண்டு பக்கத்திலும் சரீரம் என்ற சொல் மாறாமல் நிற்பதைக் கவனித்தாயானால் போதும்.

அன்றைய பிரசங்கத்துக்கு எடுத்த வசனம் இரண்டாம் கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனம், தேகத்தை விட்டுக் குடிபோக விரும்புவதைப் பற்றியது. அது வேதத்தில் இருக்கிறது, அதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. சாவுக்கு அஞ்சாத ஒருவரின் ஏக்கம் அதில் இருக்கிறது. ஆனால் நான்கு வசனத்துக்கு முன்னாலே, போர்வையைக் களைந்துபோட விரும்பவில்லை, அதன்மேல் இன்னொன்றைத் தரித்துக்கொள்ளவே விரும்புகிறோம் என்று அவரே எழுதியிருக்கிறார். வெறுமையாய் நிற்பதை அவர் விரும்பவில்லை.

கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தில் நிழலுக்கு எதிராக இதே சோமாவை வைக்கிறார். பழைய திருப்புதலில் அது "பொருள்" என்று வருவதால் யாருக்கும் அங்கே சரீரம் இருப்பது தெரியாது. உடம்புக்கும் உண்மைக்கும் ஒரே சொல்லாக மெய் என்பதை வைத்திருக்கிற நம் மொழியில், அந்த ஒரு வசனத்தில் அதைப் போட்டிருந்தால் மூலத்தின் இரண்டு பொருளும் சேர்ந்தே வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சிறிய ஏக்கம் உண்டு.

இனிக் கல்லின் காரியம். அம்மா கோடிட்ட வசனத்தில் "நம்முடைய அற்பமான சரீரத்தை" என்று இருக்கிறது. அந்த அற்பமான என்ற சொல்தான் என் தயக்கம். கிரேக்கத்தில் அது தாழ்மையின் சரீரம். அதே தாழ்மை என்ற சொல்லைத்தான் மரியாள் தன் பாட்டில், தம்முடைய அடிமையின் தாழ்மையை அவர் நோக்கிப்பார்த்தார் என்று பாடுகிறாள். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினார் என்பதும் அதே வேரிலிருந்து வருகிறது. அம்மா ஐந்து மாதம் தாழ்மையில் கிடந்தாள், அற்பமாய்க் கிடக்கவில்லை. அவள் தலைமாட்டில் அந்தச் சொல்லைப் பொறிக்க எனக்கு மனம் வரவில்லை. வசனத்தைத் திருத்திப் போட்டால் கமிட்டியில் கேள்வி வரும். கேட்டால் மூலத்தைக் கொண்டுபோய்க் காட்ட நான் இருக்கிறேன். அது வேண்டாம் என்றால் ரோமர் 8ஆம் அதிகாரத்திலிருந்து "நம்முடைய சரீர மீட்பு" என்ற மூன்று சொற்களை மட்டும் போடலாம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர் அந்தக் கல்வெட்டுபவர், அவருக்கும் அது சுருக்கமாக முடியும்.

எனக்கு முதலாவதுதான் விருப்பம். ஆனால் கடைசி மூன்று வாரம் அவளைக் குளிப்பாட்டியவள் நீ. நீ சொல்வதைத்தான் அவரிடம் கொடுப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் எழுது, அல்லது இரவு எட்டு மணிக்குமேல் பேசு.

உன் அன்புள்ள
அப்பா