பிறந்தவர் எப்படி நுழைந்தவர் ஆவார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் கட்டப்படும் புதிய வீடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்துக்குப் பத்து அடி அறைக்குள் மூன்று தலைமுறை படுத்து எழுந்ததை நேரில் பார்த்தவள் நான். 2021-இல் 7,469 வீடுகளுக்கான அறிவிப்பு வந்த அன்று என் பழைய மாணவர்கள் சிலர் போனில் அழைத்து அழுதார்கள். ஆனால் கட்டுரை வீட்டோடு நின்றுவிட்டது. அந்த வீட்டில் வளரும் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அது வரவே இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில், முகாமை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒருமுறை மாணவர் விவரப் படிவம் நிரப்பும்போது, எந்த நாட்டவர் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் ‘இந்தியர்’ என்று எழுதப் போனேன். எதிரே நின்ற தாய் பதறிவிட்டார். “இந்தியன் எண்டு எழுதிப்போடாதேங்கோ டீச்சர். பிறகு கியூ பிராஞ்ச்காரர் வந்து கேட்டா நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?” முகாம்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு காவல்துறைப் பிரிவுதான் கியூ பிராஞ்ச். அந்தத் தாய் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். மகள் 1998-இல் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் பிறந்தவள். இலங்கையை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பெண் பொறியியல் படித்தாள். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்தது, பாஸ்போர்ட் கேட்டது, அவளிடம் இல்லை என்றதும் கைவிட்டது. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அதிகாரிகள் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் லீவு சொல்லிவிட்டு முகாமில் வந்து நிற்கிறாள்.

இதற்கெல்லாம் வேர் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், ‘சட்டவிரோதக் குடியேறி’ விண்ணப்பிக்கும் வழியையும் அடைத்தது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மனம் நிறைந்தது. ஆனால் அவருடைய தாய்க்கு 1988-இல் இன்னொரு மகள் பிறந்திருந்தால் அவளுக்கு அந்த உரிமை கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் சொல்லும் சட்டவிரோதக் குடியேறி என்பவர், உரிய ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ அந்நியர். என் மாணவி எங்கிருந்து நுழைந்தாள்? பிரசவ வார்டிலிருந்தா? 2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் 140 கோடிப் பேர் உள்ள இந்த நாடு தர்மசத்திரம் அல்ல என்று உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். வந்து தங்குகிறவரைப் பற்றிய பேச்சு அது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது; இலங்கையைப் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு ஒன்று அளித்தது. வரவேற்கிறேன். ஆனால் அது உரிய ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்துதான் விலக்கு. குடியுரிமைக் கதவு திறக்கவில்லை.

அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதை ஒரு சாக்காகச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஐ.நா. வரைக்கும் போக வேண்டியதே இல்லை. பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழரும் அவர்கள் பிள்ளைகளும் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று நம் நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும். ஊர் திரும்ப விரும்புவோர் திரும்பட்டும். அதற்கும் உதவ வேண்டியதுதான். இருக்க விரும்புவோர் விண்ணப்பம் கொடுக்கவாவது ஒரு மேசை வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரை அனுப்பியிருக்கிறோம். இந்த ஒரு வரியைக் கேட்பீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதில்களைத் தங்கள் இதழில் பெயரோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்