‘உன்னை’ அல்ல, ‘உங்களை’

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இருண்ட எதிர்காலப் படங்கள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் துப்பறியும் படத்தின் இருட்டையும் அறிவியல் புனைவையும் முதலில் கலந்தது 1982-இல் வந்த ஹாலிவுட் படம்தான் என்று எழுதியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1965-இல், பிரெஞ்சு இயக்குநர் கோதார் ‘அல்ஃபாவில்’ எடுத்துவிட்டார். அந்த ஆண்டு பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதும் அதற்குக் கிடைத்தது. கட்டுரையின் கடைசிப் பத்தியில் ‘இப்படியும் ஒரு பிரெஞ்சுப் படம் உண்டு’ என்று நாலு வரியில் முடித்துக்கொள்கிற படமா அது?

எதிர்கால நகரத்துக்காக கோதார் ஒரு செட்கூடப் போடவில்லை. அன்றைய பாரிஸையே, புதிதாக எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டடங்களையும் நீள நீளமான தாழ்வாரங்களையும், இரவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார் ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தார். வேறு உலகத்திலிருந்து வருகிற நாயகனுக்கு விண்கலமும் கிடையாது. மழைக்கோட்டும் தொப்பியுமாக, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, காரை ஓட்டிக்கொண்டு வந்து ஹோட்டலில் அறை எடுக்கிறார். அவ்வளவுதான் விண்வெளிப் பயணம்!

அந்த நாயகன் லெம்மி காஷன், கோதார் உருவாக்கிய ஆள் இல்லை. பீட்டர் செய்னி என்ற ஆங்கிலேயர் எழுதிய நாவல்களின் அமெரிக்கத் துப்பறிவாளர். 1953-இலிருந்தே எடி கான்ஸ்டன்டைன் அந்த வேடத்தில் பிரெஞ்சு மலிவுப் படங்களில் அடிதடி செய்துகொண்டிருந்தார். கோதார் அவரை அப்படியே தூக்கிக் கணினி ஆளும் நகரத்தில் இறக்கிவிட்டார். இந்த இருட்டான துப்பறியும் படங்களைக் குறிக்கும் ஃபிலிம் நுவார் என்பதே 1946-இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அமெரிக்கப் படங்களுக்குச் சூட்டிய பெயர் என்பதையும் நினைத்துக்கொண்டால் இந்தக் குறும்பு இன்னும் பிடிக்கும்.

அப்புறம், ஆல்ஃபா 60 என்ற அந்தக் கணினியின் குரலை ‘ஒலிக்கூடத்தில் உருவாக்கிய இயந்திரக் குரல்’ என்கிறார் கட்டுரையாளர். இல்லை. குரல்வளை பழுதாகி, மறுபடி பேசப் பழகிய ஒரு மனிதரின் குரல் அது. ஒவ்வொரு சொல்லும் அடித்தொண்டையிலிருந்து கரகரத்து ஏறி வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். ஒரு மனிதர் சிரமப்பட்டு மீட்டெடுத்த பேச்சு, அழுகையைக் குற்றமாக்கிய கணினிக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பயம் தந்தது இதுதான், நீச்சல்குளத்து மரண தண்டனைகூட இல்லை. (மனைவி இறந்ததற்கு அழுதான் என்று ஒருவனைக் குளத்து ஓரத்தில் நிறுத்திச் சுடுவார்கள், சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள்.)

அந்த ஊரில் ஹோட்டல் அறையில் இருக்கும் பைபிளைப் புரட்டினால் அது அகராதி. அதிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அன்னா கரீனா நடித்த நத்தாஷா தனக்குப் பிடித்த சில சொற்கள் போய்விட்டதைச் சொல்வாள்: அழுவது, கனிவு, இலையுதிர்கால வெளிச்சம். புகார் தொனியே இருக்காது. கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டதைச் சொல்வது போலச் சொல்வாள்.

கட்டுரையாளரே முடிவைச் சொல்லிவிட்டதால் நானும் சொல்லலாம். காரில், தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி நத்தாஷா சொல்லும் கடைசி வசனத்தை ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து எழுதியிருப்பார் போல. பிரெஞ்சு காதில் விழுந்தே வளர்ந்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன், அவள் சொல்வது ‘ழு வூ ஸெம்’. மரியாதையாகச் சொல்லும் அந்த ‘வூ’வுக்கு ஆங்கிலத்தில் வழியில்லை. நமக்கு இருக்கிறதே! ‘உங்களை’ என்று திருத்திப் போடுங்கள்.

– பழைய சந்தாதாரர் ஒருவர்,
புதுச்சேரி