அந்த ராத்திரிக்கு வந்தவர்களுக்கு

போன ஆடியில் ஓர் இரவு, இரண்டு வாய் தோசை தின்ற என் ஆறு வயது மகள் திடீரென்று ஓங்கரித்தாள். வந்ததெல்லாம் ரத்தம், கட்டி கட்டியாக.

108 வண்டியில் வந்த தம்பி, "ஒருக்களிச்சுப் படுக்க வைங்கக்கா, தண்ணி மட்டும் கொடுத்திராதீங்க" என்றார். அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் சொம்பு நீரை ஊற்றியிருப்பேன்.

ஒரு வருடமாக உப்பியிருந்த வயிற்றுக்குப் புழு மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். வீங்கியிருந்தது மண்ணீரல் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் அம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்: குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் போகும் போர்ட்டல் சிரை அடைத்திருக்கிறது. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகுமே, அப்படி ரத்தம் உணவுக்குழாய்ச் சிரைகளில் ஏறி அவற்றைப் புடைக்க வைத்து, ஒன்று வெடித்துவிட்டது. கல்லீரல் நன்றாகவே இருந்தது. "குடிச்சாதானே ஈரல் கெடும்?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அந்தச் சீட்டைத்தான் காட்டினேன். குறைமாதத்தில் பிறந்தபோது தொப்புள் வழியாகப் போட்ட குழாயால் அடைத்திருக்கலாம் என்றார் டாக்டர். பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாதாம்.

எண்டோஸ்கோபியில் ரப்பர் வளையம் போட்டுப் புடைத்த சிரைகளைக் கட்டினார்கள், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் மயக்கம் தெளியும்வரை அவள் கையைப் பிடித்திருந்த சிஸ்டருக்கு என்ன சொல்வது? அப்புறம் தை மாதம் ரெக்ஸ் பைபாஸ். கழுத்துச் சிரை ஒன்றை எடுத்து, அடைப்பைத் தாண்டிக் கல்லீரலுக்கு ரத்தம் போக வழி செய்தார்கள். அதற்கு முன்னால் அவளைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் விரலில் ஆக்சிஜன் பார்த்தார் டாக்டர். சில பிள்ளைகளுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரிந்து, நின்றால் அளவு குறையுமாம். இவளுக்குக் குறையவில்லை.

காய்ச்சலுக்கு நான் கேட்ட ஐபுபுரூஃபனைத் தராமல், "இந்தப் பாப்பாவுக்கு இது கூடாதும்மா, ரத்தம் கசியும்" என்ற மருந்துக்கடை அண்ணனுக்கும் நன்றி. மண்ணீரலில் அடிபட்டுவிடக் கூடாதென்று கபடி ஆட விடாமல், அழுதவள் கையில் விசிலைக் கொடுத்து நடுவராக்கிய பி.டி. சாருக்கும்.

விடிகாலை இரண்டு மணிக்கு பைக்கில் வந்து பி நெகட்டிவ் ரத்தம் கொடுத்துப் போன மூன்று கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை, தப்பு என்னுடையது. இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். விசில் சத்தம்தான் தாங்காது. சாருக்கு அவள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா