விசைத்தகட்டை மட்டும் நம்பாதே

அன்புள்ள குமரா,

நீ வாங்கிய பழைய துப்பாக்கியின் படங்கள் வந்து சேர்ந்தன. நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறாய். விசைத்தகட்டில் (வெடிக்க வைக்கும் பொறி பொருத்திய பக்கத் தகட்டில்) பிரெஞ்சு ஆயுதப் பட்டறையின் பெயரான 'சார்ல்வில்', அரச என்று பொருள்படும் 'ரோயால்' என்று இருப்பதால் அது அமெரிக்கப் புரட்சிக்குப் போன துப்பாக்கி என்று கடைக்காரர் சொன்னாராமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பட்டறை 1836 வரை ஓடியது. 'அரச' என்ற முத்திரை பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பும் உண்டு, 1815க்குப் பின்பும் உண்டு.

எதற்கும் முன்னால், உள்ளே மருந்து கிடக்கிறதா என்று பார். கெட்டிக்கும் கம்பியைக் குழலின் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிப் பிடி. நுனி தீத்துளைக்கு (குழலின் பின்முனையில் தீ உள்ளே போகும் சிறு துளைக்கு) இரண்டு மூன்று விரல்கடை முன்னாலேயே நின்றால் குண்டு இன்னும் உள்ளே இருக்கலாம். கரிமருந்து நூறாண்டு கழித்தும் பற்றும். நீயே தோண்டாதே, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடு.

அடுத்து அளவு. வாய்விட்டம் 17.5 மில்லிமீட்டர் இருந்தால் பிரெஞ்சாக இருக்கலாம். 19க்கு அருகே போனால் பிரிட்டிஷ் துப்பாக்கியாக இருக்கலாம். 1777 மாடலின் குழல் சுமார் 113.7 செ.மீ., 1822 மாடலுடையது சுமார் 108. பிற்காலத்தில் வெட்டிக் குறைத்தவையும் உண்டு என்பதால் நீளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதே.

எனக்கு உறுத்துவது உன் மூன்றாவது படம். குதிரைக்கு (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்திக்கு) முன்னால் தகட்டில் இரண்டு வட்டப் புள்ளிகள் நிறம் மாறித் தெரிகின்றன. அவை அடைத்த திருகுத் துளைகள். பற்றவைக்கும் மருந்துக் கிண்ணம் உட்கார்ந்திருந்த பள்ளத்திலும் இரும்பு வைத்து ராவியிருக்கிறார்கள். அதாவது சக்கிமுக்கிக் கல்லில் வெடித்ததைப் பிறகு கேப் (அடித்தால் பற்றும் சிறு உலோக மூடி) வைத்து வெடிப்பதாக மாற்றியிருக்கிறார்கள். பிரான்சில் அது 1840களின் வேலை. புதிதாகவே கேப்புக்குச் செய்த 1842 மாடலில் விசைப்பொறி குதிரைக்குப் பின்னால் இருக்கும், உன்னுடையதில் அப்படி இல்லை.

ஆகவே என் ஊகம் 1822. குழலின் வால்தகட்டைப் (பின்முனையிலிருந்து கட்டை மேல் நீளும் பட்டையை) பார்: 'எம்எல்இ 1822' (எம்எல்இ என்பது 'மாடல்' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்) என்றும் அதை ஒட்டி 'டி' என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த 'டி' மாற்றப்பட்டது என்பதற்கான குறி. குழலின் பின்முனைப் பக்கத்தில் ஆண்டும், மரக் கட்டையின் வலப்புறம் வட்ட முத்திரையும் இருக்க வேண்டும். குழல், விசைப்பொறி, கட்டை மூன்றிலும் உள்ள குறிகளைத் தனித்தனியே படி. ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வேறு வேறு துப்பாக்கிகளிலிருந்து சேர்த்தது.

உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதே, குமரா! முத்திரை போனால் போனதுதான். எண்ணெய்த் துணி போதும். இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வால்தகட்டையும் கட்டையையும் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
செல்வம்