மண்டப முன்பதிவு மென்பொருள் வாங்கப்போகும் செயற்குழுக்களுக்கு

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயற்குழுவினருக்கு வணக்கம்.

முகப்புப் பக்கம் எப்படி இருக்கும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மென்பொருள் செய்து தருபவரிடம் முதல் கூட்டத்திலேயே நிலைப் படம் கேளுங்கள். ஒரு முன்பதிவு எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எது நடந்தால் எங்கே நகரும் என்று வட்டமும் அம்புக்குறியுமாக ஒரே தாளில் வரைவது அது.

மண்டபத்துக்கு ஆறு நிலைகள் போதும்: விண்ணப்பம், பணத்துக்குக் காத்திருப்பு, உறுதி, காலாவதி, ரத்து, பணம் திருப்பியது. நிகழ்வுகள் ஐந்து: பணம் வந்தது, கெடு முடிந்தது, உறுப்பினர் ரத்து செய்தார், குழு ரத்து செய்தது, தேதி மாற்றம்.

படம் மட்டும் போதாது. விடுபட்ட அம்புக்குறி கண்ணில் படாது. அதையே, நிலைக்கு ஒரு வரிசை, நிகழ்வுக்கு ஒரு பத்தி என்று அட்டவணையாக்கச் சொல்லுங்கள். 30 கட்டங்கள் வரும். அந்த நிலையில் அந்த நிகழ்வு வந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டும். ‘இது நடக்கவே முடியாது’ என்பதும் விடைதான். காலிக் கட்டம் கூடாது.

‘காலாவதி’ வரிசையில் ‘பணம் வந்தது’ கட்டத்தைப் பாருங்கள். கெடு 15 நிமிடம் என்று வையுங்கள். உறுப்பினர் 14ஆம் நிமிடத்தில் பேநவ் என்ற உடனடிப் பணமாற்றுச் சேவை வழி கட்டுகிறார். தகவல் மென்பொருளுக்கு 16ஆம் நிமிடத்தில் வருகிறது. அதற்குள் அந்தச் சனிக்கிழமை வேறொருவருக்குப் போய்விட்டது. பணத்தைத் திருப்புவதா, வேறு தேதி தருவதா? நீங்கள் முடிவு செய்யாவிட்டால் நிரலாளர் தமக்குத் தோன்றியதை எழுதிவிடுவார்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு சோதிக்கும்போதும் இதே அட்டவணைதான் பட்டியல்: கட்டத்துக்கு ஒரு சோதனையாவது வேண்டும்.

உறுப்பினர் விவரப் பட்டியலில் அடையாள அட்டை எண் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அதை வாங்கக்கூடாது.

காலக்கெடு பற்றி ஒன்று. அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் பேரி போம் 1981இல் வெளியிட்ட கோகோமோ, மென்பொருள் செய்ய எவ்வளவு உழைப்பும் காலமும் ஆகும் என்று கணிக்க, 63 திட்டங்களின் தரவில் பிறந்த மதிப்பீட்டு மாதிரி. அதன் எளிய வடிவம் 10,000 வரி நிரலுக்குச் சுமார் 27 ஆள்-மாதம் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்), ஒன்பது மாதக் காலம் என்கிறது. இன்றைய கருவிகளுக்கு எண் அப்படியே பொருந்தாது. செய்து தருபவரின் பழைய திட்டங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆனால் ஆளை இரட்டித்தால் காலம் பாதியாகாது என்பது இன்றும் உண்மை. தீபாவளிக்குள் வேண்டுமென்றால் வசதிகளைக் குறையுங்கள்.

ஒப்பந்தத்தில் முதல் தவணைக்கு ஈடாகப் படத்தையும் நிரம்பிய அட்டவணையையும் கேளுங்கள். நடுவில் விதி மாறினால் முதலில் அவை திருத்தப்படட்டும், அதன்பின் நிரல்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் சிலர்