சீக்கிரம் விட்ட வேலையும் உங்கள் கேள்வியும்: எச்.ஆர். பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரக் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். "இந்தக் கம்பெனியில ஏனுங்க கொஞ்ச மாசத்துலயே நின்னுட்டீங்க?" என்று நீங்கள் கேட்பதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். உண்மையான பதில் வந்ததும் ஃபைலை மூடிவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில், தொழிலாளர்களின் வருகையையும் வேலை நேரத்தையும் பதியும் டைம் ஆபீஸில் இருந்தேன். அங்கே வருகைப் பதிவேடு இரண்டு. ஷிப்மென்ட் நெருக்கத்தில் நள்ளிரவு வரை தைத்தவர்களின் நேரம் ஒன்றில் இருக்கும். சரக்கு வாங்கும் பையர் சார்பில், தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கும் சோசியல் ஆடிட் வரும்போது காட்டுவதற்கு இன்னொன்று. அதில் எல்லோரும் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த இரண்டாவதை என் கையால் எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். அதன் பிறகு அங்கே இருக்க விடவில்லை, நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னேன், பழைய கம்பெனியின் பெயரை இழுக்காமல், அவர் கேட்ட அளவுக்கு மட்டும். அதுவரை சம்பளம் பேசிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "செரிங்க, சொல்லி அனுப்பறோம்" என்றார். ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிக்காரரிடம் கேட்டால், "அந்த வேலையை பயோடேட்டாவுல போடாத கண்ணு. கேட்டா அம்மாவுக்கு ஒடம்பு செரியில்ல, அதான் நின்னுட்டேன்னு சொல்லீரு" என்கிறார். நல்லபடியாக இருக்கும் அம்மாவுக்கு நான் ஏன் நோய் சொல்ல வேண்டும்? பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்று வெளியே வந்தவளை, பொய் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்கிறீர்கள்.

சொல்லாமல் மறைக்கவும் வழி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வேலைக்குச் சேரும்போது பழைய பி.எஃப். விவரத்தை ஃபாரம் 11இல் எழுதி வாங்குகிறீர்கள். எத்தனை கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண் ஒன்றுதான். எங்கே எப்போது சேர்ந்தோம், எப்போது நின்றோம் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். என் பழைய கம்பெனி நான் வெளியேறிய தேதியைப் பதியவே இல்லை. பார்க்கிறவர்களுக்கு நான் இன்னும் அங்கேயே வேலையில் இருப்பது போலத் தெரிந்தது. கம்பெனி கடைசியாக பி.எஃப். பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் தொழிலாளியே அந்தத் தேதியைப் பதியலாம் என்ற வசதி 2020இல் வந்ததால் அது தீர்ந்தது. வேலையிலிருந்து விடுவித்ததாகக் கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் மட்டும் இன்றுவரை வரவில்லை. அதைத் தர வேண்டியவர் யாரோ, அவர் தராததற்கு என்னிடம் விளக்கம் கேட்கிறீர்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. உங்கள் ஊழியர்களுக்கு நீங்கள் அப்படித் தீர்க்கிறீர்களா?

நின்று போனவர்கள் மீது இந்த ஊருக்கு இருக்கும் கோபம் புதிதல்ல. இதே கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தப் பணம் என்று சின்னப் பெண்களை விடுதிகளில் வைத்திருந்தார்கள். நடுவில் உடம்பு தாங்காமல் வீடு திரும்பிய பிள்ளைகள் அந்தப் பணத்தை இழந்தார்கள். "நிலைச்சு நிக்காத பொண்ணு" என்ற பேச்சையும் கேட்டார்கள். ஏன் நிற்க முடியவில்லை என்று மில்லைப் போய்க் கேட்டவர்கள் குறைவு. ஆள் கிடைப்பதில்லை, வடநாட்டிலிருந்து கூட்டி வர வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறீர்கள். கிடைத்த ஆள் உண்மை பேசினால் திருப்பி அனுப்புகிறீர்கள்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. ஒரு வேலையைச் சீக்கிரம் விட்டதாக ஒருவர் ஒளிக்காமல் சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காக அவரைக் கழிக்காதீர்கள். எனக்கு வேலை தெரிகிறதா என்று சோதியுங்கள். ஷிஃப்ட் கணக்கும், இ.எஸ்.ஐ., பி.எஃப். செலானும் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தாராளமாக அனுப்பிவிடுங்கள். பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பதானாலும் விசாரியுங்கள். ஆனால் அவர்கள் சொன்னதை எங்களிடமும் சொல்லி, எங்கள் பதிலையும் கேட்ட பிறகு முடிவெடுங்கள். உண்மை சொன்னதற்காக மட்டும் கழிக்காதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டைம் ஆபீஸ் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்,
அவிநாசி