பொருள்: கட்டணம் கட்டி மாற்றிய மின்னூலில் மெய்யெழுத்துப் புள்ளிகள் தொலைந்தது குறித்து

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் தளத்தில் 214 பக்கமுள்ள ஒரு டிஜேவூ (DjVu, ஸ்கேன் செய்த நூல்களைச் சுருக்கி வைக்கும் வடிவம்) கோப்பை ஏற்றி, பிஎன்ஜி (PNG) படங்களாக மாற்றித் தரக் கேட்டேன். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) தேர்வு கட்டணத் திட்டத்தில்தான் உண்டு என்றீர்கள். சரி என்று கட்டினேன்.

இது கடையில் கிடைக்கிற நூல் அல்ல. பல வருடங்களுக்கு முன் நானே ஸ்கேன் செய்தது. அச்சுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. டிஜேவூ இப்போது பல கருவிகளில் நேரடியாகத் திறப்பதில்லை. படமாக இருந்தால் எதிலும் திறக்குமே என்றுதான் உங்களிடம் வந்தேன்.

வந்து சேர்ந்த படங்களின் அளவு என்னவோ சரிதான்: 1500க்கு 2400 பிக்சல். ஆனால் 37ஆம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பல்’ என்று இருக்கும் இடத்தில் ‘பல’ என்று இருக்கிறது. இரண்டு வரி கீழே ‘கல்’, ‘கல’ ஆகியிருக்கிறது. புள்ளி போனால் தமிழில் சொல்லே வேறு. என் ஸ்கேனில் ஒரு புள்ளி ஐந்தாறு பிக்சல் அகலம். 72 டிபிஐயில் அதுவே ஒன்றரைப் பிக்சல்கூடத் தேறாது, கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பக்கத்தை 72இல் எடுத்து, அப்புறம் நான்கு மடங்குக்கு இழுத்து 300 என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். எழுத்தின் ஓரங்கள் நான்கு நான்கு பிக்சலாகப் படிக்கட்டு போல நிற்பதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இன்னொன்று. எழுத்துகளைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஓர் அழுக்கு. ஒவ்வொரு சதுரமும் ஏறக்குறைய 33 பிக்சல். ஜேபெக் (JPEG) வடிவம் படத்தை 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். 72ஐ 300 ஆக்க அந்த எட்டை ஏறக்குறைய 4.17 மடங்கு இழுத்தால் 33. பிஎன்ஜி எதையும் இழக்காத வடிவம். என் கோப்பின் பின்னணியோ, படத்தை இப்படித் துண்டு போடாத வேவ்லெட் முறையில் சுருக்கியது, அதில் இந்தக் கட்டங்கள் வர வழியில்லை. ஆக, நடுவில் ஜேபெக் ஆக்கி, அதை பிஎன்ஜிக்குள் போட்டுத் தந்திருக்கிறீர்கள். பழைய சட்டைக்குப் புது உறை.

இதை முதலில் எழுதிக் கேட்டபோது, “உங்கள் அசல் கோப்பின் தரம் குறைவு” என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தவர் எழுதிய பதில் அல்ல அது. டிஜேவூவில் எழுத்து தனி அடுக்கில், பின்னணியைவிடக் கூடுதல் நுணுக்கத்தில் இருக்கும். டிஜேவூலிப்ரே என்ற இலவச மென்பொருளில் அதே 37ஆம் பக்கத்தை எடுத்தேன். எல்லாப் புள்ளியும் இருந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கோப்புப் பெயர்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்காததால் என் கருவியில் 1க்கு அடுத்து 10, அப்புறம் 100 என்று பக்கங்கள் வரிசை மாறி நின்றன. அது சின்ன விஷயம், நானே பெயர் மாற்றிக்கொண்டேன்.

ஆனால் இதை விட முடியாது: ஏற்றிய கோப்பு 24 மணி நேரத்தில் அழிந்துவிடும் என்று உங்கள் தளத்தில் போட்டிருக்கிறது. மூன்றாம் நாள், உள்நுழையாமலேயே, வேறொரு கருவியில் நீங்கள் தந்த பதிவிறக்க இணைப்பைத் தட்டினேன். முழு நூலும் இறங்கியது.

நான் கேட்பது, கட்டிய தொகை முழுவதும் திரும்ப வேண்டும். மறுபடி மாற்றித் தருகிறோம் என்ற சலுகை வேண்டாம், வேலை முடிந்துவிட்டது. என் கோப்பும் அதிலிருந்து எடுத்த படங்களும் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். ஏழு நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் கட்டணம் செலுத்திய வங்கியில் முறையிடுவேன்.

இந்த முறை 37ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்